பழைய வண்டிகளில் பொறி மாடியூல் பழுதடைதலும் அதனைக் கண்டறியும் முறையும்

பெட்ரோலால் ஓடும் பழைய கார்கள், ஜீப்புகள், மொபெட்டுகள், மருந்து தெளிக்கும் சிறு யந்திரங்கள் முதலியன கிராமங்களில் இன்னும் புழக்கத்தில் இருந்து வருகின்றன. இவற்றில் நேரிடும் கோளாறுகளுள் உடையவரை மிகவும் அலைக்கழிப்பது ஒன்றுண்டு. வண்டி காலையில் நன்றாகக் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியபின், யாதொரு முன்னறிகுறியுமின்றி விளக்கை அணைத்தாற்போல நின்றுவிடும். அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால், ஒன்றும் நடவாதது போல மறுபடியும் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, அங்கே நாள் முழுவதும் குற்றமற்ற வண்டியாகவே காணப்படும்.

இத்தகைய வண்டிக்கு முதலில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். பிறகு பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். அப்பால் பிளக்குகளையும் ஒயர்களையும் மாற்றுவார்கள். வயிற்றுவலிக்குக் கண்ணில் மருந்திட்டது போலப் பணம் செலவாகுமே தவிர நோய் தீராது. இவ்வாறு நிற்கும் வண்டிகள் பலவற்றில் குற்றம் இருப்பது பொறியை உண்டாக்கும் மின்னணுச் சாதனமாகிய இக்னிஷன் மாடியூலிலேயாம். அதன் தன்மையையும், கெடும் காரணத்தையும், வண்டியை உடையவரே சோதித்தறியும் வழியையும் கீழே காணலாம்.

எவ்வண்டிகளுக்கு இது பொருந்தும்

டீசலால் ஓடும் டிராக்டர்களுக்கும் பம்பு யந்திரங்களுக்கும் இக்கட்டுரை பொருந்தாது. டீசல் யந்திரத்தில் காற்று மிகவும் அழுத்தப்பட்டு, அதனால் உண்டாகும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அங்கே பொறிக்கு வேலையில்லை. பெட்ரோலையோ, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயையோ எரிக்கும் யந்திரங்களில் மின்பொறி தேவைப்படுகிறது.

பெட்ரோல் வண்டிகளிலும் மிகப் பழையவற்றில் மாடியூல் கிடையாது. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி முதலிய கார்களின் பழைய பெட்ரோல் மாதிரிகளில் இருப்பவை ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளும் ஒரு கண்டென்சரும் ஆகும். ஆகையால், தம் வண்டியில் இருப்பது எது என்பதை உடையவர் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால் இது விளங்கிவிடும்.

பொறி உண்டாகும் விதம்

வண்டியின் பாட்டரி 12 வோல்ட்டு மின்சாரத்தையே தருகிறது. பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி தாவுவதற்கோ பல்லாயிரம் வோல்ட்டு வேண்டும். இதனை உண்டாக்குவது காயில் என்னும் கருவி. அதனுள்ளே தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், அதற்குத் துணையாக மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கும். தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும்போது காயிலுக்குள் காந்த சக்தி நிரம்புகிறது. அம்மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், காந்த சக்தி ஒரு நொடியில் சரிந்து, மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை எழுப்புகிறது. அதுவே பிளக்கிற்குச் சென்று பொறியாகிறது. மதகைத் திறந்து வாய்க்காலில் ஓடவிட்ட நீரைச் சடக்கென்று அடைத்தால் நீர் எகிறிப் பாய்வதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

ஆகவே, பொறியின் இரகசியம் முழுவதும் மின்சாரத்தைத் தக்க நேரத்தில் துண்டிப்பதிலேயே அடங்கியுள்ளது. நான்கு ஸிலிண்டர் வண்டி நிமிஷத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு நிமிஷத்தில் 6,000 தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை, இத்துண்டிப்பு நிகழவேண்டும்.

1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பாட்டரியும் காயிலும் பாயிண்டும் கொண்ட முறையை வழக்கத்திற்குக் கொணர்ந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகமெங்கும் அம்முறையே நிலவியது. ஆனால் பாயிண்டுகள் தேய்ந்தும் கருகியும் போவன; அடிக்கடி இடைவெளி பார்த்துத் திருத்த வேண்டியவை. இக்குறையை நீக்க, பாயிண்டு செய்த வேலையை டிரான்ஸிஸ்டரிடம் ஒப்படைத்தார்கள். கிரைஸ்லர் கம்பெனியார் 1973ஆம் ஆண்டு மாதிரிகளிலும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1975ஆம் ஆண்டு மாதிரிகளிலும் தம் அமெரிக்கக் கார்களுக்கு இதனைப் பொதுவாக அமைத்தனர். நாளடைவில் ஏனைய கம்பெனியாரும் இதனை மேற்கொண்டனர்.

இப்புதிய முறையில் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு சுற்றும்போது பிக்கப் காயில் என்னும் சிறு சுருள் ஒரு மெல்லிய மின்துடிப்பை அனுப்புகிறது. அத்துடிப்பைக் கண்டதும் மாடியூல் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. தேய்மானம் இல்லை, இடைவெளி திருத்தும் வேலையும் இல்லை. ஆயினும் ஒரு பிரதிகூலம் உண்டு. பாயிண்டு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து ஊர் வந்து சேரலாம். மாடியூலோ பிசினால் மூடப்பட்ட பெட்டி. உள்ளே என்ன நேர்ந்ததென்று பார்க்கவும் முடியாது, பழுது பார்க்கவும் இயலாது.

மாடியூல் கெடுவதற்குக் காரணங்கள்

முதற் காரணம் உஷ்ணம். காயிலின் மின்சாரம் முழுவதையும் தாங்கித் துண்டிப்பதால் மாடியூல் தானே சூடேறுகிறது. அது யந்திரத்தின் மீதே அமைந்திருந்தால் யந்திரத்தின் உஷ்ணமும் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது உள்ளேயுள்ள பற்றவைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. பல்லாண்டுகளில் அவற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. சூடேறினால் வெடிப்பு அகன்று மின்தொடர்பு அறும். ஆறினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். வண்டி சூட்டில் நின்று, ஆறியபின் கிளம்புவதன் காரணம் இதுவே.

இரண்டாவது, அடிப்பசை காய்ந்துபோதல். மாடியூலின் உலோக அடிப்பாகத்திற்கும் அது உட்காரும் இடத்திற்கும் நடுவே, உஷ்ணத்தைக் கடத்தும் ஸிலிகோன் பசை தடவப்பட்டிருக்கும். பழைய மாடியூலைக் கழற்றி மாட்டுபவர்கள் இப்பசையை வீண் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுவதுண்டு. பசையின்றி மாட்டிய மாடியூல் விரைவிலேயே வெந்து போகும்.

மூன்றாவது, காயிலின் குற்றம். காயிலின் தடித்த கம்பியில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால், அளவுக்கு மீறிய மின்சாரம் மாடியூலின் வழியே பாய்கிறது. இந்நிலையில் மாடியூலை மட்டும் மாற்றினால் புதியதும் கெட்டுவிடும்.

நான்காவது, மனிதர் செய்யும் பிழைகள். பாட்டரியைத் தலைகீழாக இணைத்தல், யந்திரம் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தல், பாட்டரியை விலக்காமல் வண்டியில் மின்சார வெல்டிங் செய்தல், பிளக் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு யந்திரத்தைச் சுழற்றுதல் ஆகியவை ஒரு நொடியிலேயே மாடியூலையோ காயிலையோ கெடுக்க வல்லவை. பொறிக்குச் செல்ல வழியில்லையாயின் அதன் அழுத்தம் உள்ளேயே திரும்பித் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

அமெரிக்காவில் நிகழ்ந்த உதாரணம்

மாடியூலை வைக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் போர்டு கம்பெனியாரின் வண்டிகள் ஓர் உதாரணமாகும். அவர்கள் 1980-களின் முற்பகுதியிலிருந்து, ‘திக் பிலிம்’ என்ற வகை மாடியூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலேயே திருகிப் பொருத்தினர். இடம் சுருங்கியது; ஒயரும் குறைந்தது. ஆனால் யந்திரத்தின் உஷ்ணம் நேரே மாடியூலுக்கு ஏறிற்று. ஓடும் வண்டிகள் சாலையில் திடீரென நின்றுபோவதாகப் புகார்கள் எழுந்தன. கலிபோர்னியாவில் வண்டி உடையவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். கம்பெனியார் குற்றத்தை மறுத்தனர். 2000ஆம் ஆண்டில் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி உத்தரவிட்டார். 2001ஆம் ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதற்கு முன்னரே, 1990-களில் வெளிவந்த பல மாதிரிகளில் மாடியூலை டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு அகற்றி, உஷ்ணம் குறைந்த இடத்தில் உலோகத் தகட்டின் மேல் அமைக்கும் முறை வந்துவிட்டது.

கோளாறை அறியும் முறை

பெட்ரோல் குழாயில் உஷ்ணத்தால் ஆவி கட்டிக்கொண்டாலும் வண்டி சூட்டில் நிற்கும், ஆறியபின் கிளம்பும். இவ்விரண்டு நோய்க்கும் குறி ஒன்றே போலத் தோன்றுவதால்தான் வீண் செலவு நேர்கிறது. ஒரு வேற்றுமை கவனிக்கத்தக்கது. பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் இருமித் திணறி நிற்கும். மாடியூல் கெட்ட வண்டி பெரும்பாலும் சாவியைத் திருப்பி அணைத்தாற்போல நிற்கும். யந்திரத்தின் சுற்றைக் காட்டும் முள் உள்ள வண்டியாயின், வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே அம்முள் பூஜ்யத்திற்கு விழும்.

ஆயினும் உறுதியாக அறிவதற்கு, வண்டி நின்ற அக்கணமே, அது ஆறுமுன்னர், சாலையோரத்திலேயே சோதித்தல் வேண்டும். ஆறிய வண்டியைப் பட்டறையில் சோதிப்பதால் பயனில்லை. இதற்கு வேண்டிய கருவிகள் மூன்றே: ஒரு நல்ல ஸ்பார்க் பிளக், இரு முனைகளிலும் கவ்வியுள்ள ஒரு துண்டு ஒயர், 12 வோல்ட்டுச் சிறு சோதனை விளக்கு.

சோதிக்குமுன், பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் வாசனை அடிக்கும் இடத்தில் பொறியைச் சோதிப்பது நெருப்பை அழைப்பதாகும். யந்திரம் சுழலும்போது பிளக் ஒயரைக் கையால் பிடித்தலாகாது. இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பெற்றவர்கள் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

முதற்படி: ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, கையிலுள்ள நல்ல பிளக்கில் மாட்டி, அப்பிளக்கின் உலோக உடலைத் துண்டு ஒயரால் யந்திரத்தின் உலோகத்தோடு இணைக்க வேண்டும். அதனைக் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் எட்ட வைத்து, மற்றொருவரைக் கொண்டு யந்திரத்தைச் சுழற்றச் செய்ய வேண்டும். நீலமான, சடசடவென்ற பொறி காணப்பட்டால் மாடியூல் குற்றமற்றது. பெட்ரோல் வழியை ஆராய்க. பொறியே இல்லையாயின் அடுத்த படிக்குச் செல்க.

இரண்டாம் படி: சாவியைப் போட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையைக் காயிலின் பாஸிடிவ் முனையிலும் வைக்க வேண்டும். விளக்கு எரியாவிடில் குற்றம் சாவியிலோ, பியூஸிலோ, ஒயரிலோ உள்ளது. மாடியூலைக் குறை கூறுதல் தகாது. எரிந்தால் அடுத்த படிக்குச் செல்க.

மூன்றாம் படி: விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிடிவிலும் மறுமுனையைக் காயிலின் நெகடிவிலும் வைத்து யந்திரத்தைச் சுழற்ற வேண்டும். விளக்கு மினுக்மினுக்கென்று துடித்தால் மாடியூல் தன் வேலையைச் செய்கிறது. காயில், அதன் தடித்த ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் ஆகியவற்றை ஆராய்க. விளக்குத் துடிக்காவிடில் குற்றம் மாடியூலிலோ, அதற்குத் துடிப்பு அனுப்பும் பிக்கப் காயிலிலோ, இடையிலுள்ள ஒயரிலோ ஆகும்.

நான்காம் படி: பிக்கப் காயிலை ஓம் மீட்டரால் அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு 500 முதல் 1,500 ஓம் வரை இருத்தல் வேண்டும். அச்சுருளின் எம்முனையும் எர்த்தோடு ஒட்டியிருத்தல் கூடாது. அளக்கும்போது ஒயரை மெல்ல அசைத்துப் பார்ப்பது நலம். உள்ளே ஒடிந்த ஒயர் அப்போது வெளிப்படும். ஹால் முறையில் இயங்கும் வண்டிகளில் இச்சுருள் கிடையாது. அவற்றைத் தொழில் அறிந்தவரிடமே விடுதல் தக்கது.

மேற்கண்ட யாவும் சரியாக இருந்து விளக்கு மட்டும் துடிக்காவிடில், மாடியூலே குற்றவாளி என்று துணியலாம். சாவியை அணைத்து, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை மாடியூலின் மேல் சில நிமிஷங்கள் வைத்து எடுத்தபின் வண்டி உடனே கிளம்பினால் ஐயம் அறவே நீங்கும். தண்ணீரை ஊற்றுதல் கூடாது.

மொபெட்டும் தெளிப்பு யந்திரமும்

இருசக்கர வண்டிகள் பலவற்றில் ஸி.டி.ஐ. என்னும் பெட்டி உள்ளது. இது காயிலில் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குப் பதிலாக, ஒரு கண்டென்சரில் சில நூறு வோல்ட்டு சேமித்து வைத்து, அதனை ஒரேயடியாகக் காயிலுக்குள் விடுகிறது. இவ்வண்டிகளில் பொறி இல்லையாயின், பெட்டியை மாற்றுமுன் யந்திரத்தை நிறுத்தும் சுவிட்சின் ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். எர்த்தோடு சேர்த்து யந்திரத்தை நிறுத்தும் வகைச் சுவிட்சில் ஈரம் புகுந்தாலும், அதன் ஒயரை எலி கடித்து அது சட்டத்தோடு உராய்ந்தாலும் பொறி வராது. ஒயரைக் கழற்றியதும் பொறி வந்தால், ஒரு முழ ஒயரின் செலவில் வேலை முடிந்துவிடும்.

முதுகில் தூக்கும் தெளிப்பு யந்திரத்தில் மாடியூலும் காயிலும் ஒரே கட்டியாகச் சேர்ந்து, காந்தம் பதித்த பிளைவீலின் அருகே அமைந்திருக்கும். இரண்டிற்கும் இடையே பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். பெயர் அச்சிட்ட விலாசச் சீட்டின் கனம் ஏறக்குறைய இதற்கு ஒத்தது. காயிலின் கால்களிலும் காந்தத்தின் முகத்திலும் துரு படிந்தால் பொறி வலுவிழக்கும். பருவம் முடிந்ததும் யந்திரத்தைத் துடைத்து, மருந்தும் உரமும் இல்லாத உலர்ந்த அறையில் வைப்பவர்களுக்கு இத்தொல்லை அரிது.

புதிய மாடியூலை மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

பழைய மாடியூலின் மேல் பொறித்துள்ள எண்ணைக் கொண்டே புதியதை வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும் உள்ளமைப்பு வேறானவை உண்டு. பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, உஷ்ணம் கடத்தும் பசையை மெல்லியதாக, இடைவிடாது பரவும்படி தடவ வேண்டும். திருகுகள் எர்த்துக்கும் வழியாக இருப்பதால் துருவின்றி இறுகியிருத்தல் அவசியம். அதே சமயத்தில் காயிலையும் அளத்தல் வேண்டும். பாயிண்டு வண்டியின் சாதாரண 12 வோல்ட்டுக் காயிலில் பாஸிடிவுக்கும் நெகடிவுக்கும் இடையே ஏறக்குறைய 3 ஓம் இருக்கும். மாடியூல் வண்டிகளின் காயில்கள் பலவற்றில் இதனினும் குறைவான அளவே முறையானது. ஆகையால் வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். பொருந்தாத காயிலை மாட்டினால் மாடியூல் எரிந்துபோகவும் கூடும்.

நல்ல நிலையில் கழற்றிய பழைய மாடியூல் கிடைத்தால், அதனை ஓடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, திருகு முடுக்கியோடும் பசைக் குழாயோடும் வண்டியில் வைத்திருப்பது விவேகமாகும். வண்டியின் மாதிரி பழையதாக ஆக, அதற்குரிய சாமான்கள் கடைகளில் அருகி வருகின்றன. தேய்ந்த பிளக்குகளையும் வெடித்த ஒயர்களையும் காலத்தில் மாற்றினால் காயிலுக்கும் மாடியூலுக்கும் பளு குறையும்.

பொது எச்சரிக்கை

இக்கோளாறு பணநஷ்டத்தோடு நிற்பதன்று. கேட்டுப் போட்ட ரயில் பாதையின் நடுவிலோ, இரவில் பெருஞ்சாலையின் வளைவிலோ வண்டி நிற்குமானால் உயிருக்கே அபாயம். ரயில் பாதையில் நின்றுவிட்டால் எல்லோரும் உடனே இறங்கி விலகுவதே முதற் கடமை, வண்டி பின்னரே. ரயில் வரவில்லையென்பது திண்ணமாயின், பற்பல பழைய வண்டிகளை முதல் கியரில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், யந்திரம் ஓடாமலேயே சில அடி தூரம் நகரச் செய்யலாம். ஒரு தடவை இவ்வாறு நின்ற வண்டியை, மறுபடியும் கிளம்பிற்று என்ற ஒரே காரணத்தால் நம்புதல் கூடாது. வெடிப்பு தானே கூடுவதில்லை. நாளுக்கு நாள் அகலுவதே அதன் இயல்பு.

பொது உபயோகத்துக்குரிய வண்டிகளும் தெளிப்பு யந்திரங்களும் கிராம உத்தியோகஸ்தர்களின் பொறுப்பில் இருக்குமாயின், அவற்றுக்கு ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். எந்நாளில், எவ்வளவு தூரம் அல்லது நேரம் ஓடியபின், எவ்வாறு நின்றது, எத்தனை நிமிஷத்தில் கிளம்பிற்று, அப்போது பொறி இருந்ததா என்ற ஐந்தையும் எழுதி வைத்தால், பழுது பார்ப்பவர் ஊகத்தின் பேரில் சாமான்களை மாற்ற வேண்டிய அவசியம் நேராது. நின்ற இடத்திலேயே செய்யும் கால்மணி நேரச் சோதனை, பட்டறையில் கழியும் பல நாட்களையும் அறுவடைக் காலத்தில் ஏற்படும் தாமதத்தையும் மிச்சப்படுத்தும் என்பது திண்ணம்.